மேகலாவின் எடை

14.6.2022
குன்னத்திலிருந்து வந்த சின்ன வெங்காயம் இரண்டு லோடும் ஈரம். திருப்பி அனுப்பிவிட்டேன். கமிஷன் கடையில் பொம்பளை உட்கார்ந்திருந்தால் எதையும் தள்ளிவிட்டுப் போகலாம் என்று இன்னமும் நினைக்கிறான்கள்.

மகள் மேகலா காலையில் பச்சைமலை ஏற்றத்தை மூன்று நிமிடம் குறைத்து ஓட்டியிருக்கிறாள். சைக்கிள் கோச் செல்லதுரை சார் கடைக்கே வந்து சொன்னார்: "சமதரையில அவள யார் வேணா முந்துவாங்கம்மா. ஏத்தம் வந்துட்டா ஒருத்தியும் கிட்ட நிக்க முடியாது. வெயிட்டு மட்டும் ஒரு ரெண்டு கிலோ குறைக்கணும். பக்குவமா."

இரண்டு கிலோதானே? எடை விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

15.6.2022
கடைத் தராசில் ஏற்றினேன். 53.4. மூட்டை தூக்கும் பழனிவேல், "ஒரு மூட்டைக்குக் காணலையேக்கா, திருப்பி அனுப்பிடலாமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மேகலாவும்தான். இனி தினமும் காலையில், கடை திறந்ததும்.

3.9.2022
49.8. சார் போதும் என்கிறார். அவருக்கு வெங்காயம் தெரியாது. பறித்த வெங்காயத்தை அப்படியே சேமிப்புப் பட்டறையில் அடைத்தால் அழுகிப்போகும். தாளை அறுத்து, நிழலில் உலர்த்தி, ஈரத்தை எடுத்துவிட்டால் மாசக்கணக்கில் கல்லு மாதிரி நிற்கும். எடை குறையும், விலை ஏறும். உடம்பும் சரக்குதான். ராத்திரிச் சோறு நிறுத்தம். வெள்ளரிக்காயும் மோரும்.

என் வீட்டுக்காரர் அசோக் அவளுக்குப் பரோட்டா வாங்கிவந்து வண்டி சீட்டுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார். எடுத்து நாய்க்குப் போட்டேன், அவள் கண்ணெதிரிலேயே. "நீயெல்லாம் ஒரு தாயா?" என்றார். அடுத்தவன் காட்டில் வெங்காயம் பொறுக்கி வயிறு கழுவியவள் நான். பசி ஆளைக் கொல்லாது. அவருக்கு அது தெரியாது.

20.11.2022
"மூணு மாசமா வரலம்மா" என்றாள், கதவோரம் நின்றுகொண்டு.

"கல்யாணமா ஆயிடுச்சு உனக்கு, பயப்பட? மாசம் அஞ்சு நாள் மிச்சம்னு நெனச்சுக்க. அப்பாகிட்ட சொல்லாத. சார்கிட்டயும்."

26.2.2023
கொல்லிமலை. எழுபது வளைவு. முதலிடம்! இரண்டாவதாக வந்த மகாராஷ்டிராக்காரி நாலு நிமிடம் பின்னால். மேலே வந்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ரோட்டில் படுத்துவிட்டாள். உதட்டில் உப்புப் பூத்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. 44.9.

11.5.2023
மலேசியாவில் ஒரு டீம் எடுத்திருக்கிறது. ஏற்றத்துக்கென்றே ஒரு ஆள் வேண்டுமாம். சம்பளத்துக்கு சைக்கிள் ஓட்டும் வேலை, ஒரு வருஷ ஒப்பந்தம். தா.பழூர் சொந்தமெல்லாம் போன் மேல் போன். "பொட்டப்புள்ள சைக்கிள்ல ஏறி எங்கடி போவப்போவுது?" என்று கேட்ட கொளஞ்சியம்மாள் பெரியம்மாவும் பேசினார்கள். "மலேசியாவுக்குப் போவுது பெரியம்மா" என்றேன்.

8.2.2024
போனில் மேகலா. "தொடை ஆரம்பிக்கிற எடத்துல ஒரு வலிம்மா. நின்னாக்கூட வலிக்குது. டீம் டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னா வூட்டுக்கு அனுப்பிடுவான். அடுத்த மாசம்தான அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து? மாத்திரையப் போட்டுக்கிட்டு ஓட்டு. வலிக்காம எவடி மலை ஏறுனா?"

"சரிம்மா" என்றாள்.

சொத்தைச் சரக்கைச் சாக்கின் அடியில் போடுவது ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஒரு மாதம்தானே. ஒரே ஒரு மாதம்.

2.3.2024
ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்திருக்கிறாள். தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. பின்னால் வந்தவளுக்குச் சத்தம் கேட்டதாம்.

சத்தம் கேட்டதாம்.

19.3.2024
திருச்சி ஆஸ்பத்திரி. மலேசியாவிலேயே மூன்று ஸ்க்ரூ போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா படத்தைக் காட்டி, "இருபது வயசுப் பொண்ணுக்கு அறுபது வயசு எலும்பு" என்றார். "பீரியட்ஸ் எப்ப நின்னுச்சு? அது நின்னா எலும்பும் கரையும்."

"தெரியலைங்க" என்றேன்.

கட்டிலிலிருந்து மேகலா சொன்னாள், யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போல: "அம்மாவுக்குத் தெரியும் டாக்டர். மாசம் அஞ்சு நாள் மிச்சம்னு சொன்னாங்க."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சீட்டில் எழுதிக்கொண்டார்.

வராண்டாவில் அசோக்: "வெங்காயம் அளவுக்கு மீறிக் காஞ்சா என்னாவும், வளரு? நீதான வியாபாரி, சொல்லு."

சருகுதான் மிஞ்சும். உள்ளே ஒன்றும் இருக்காது.

30.4.2024
மலேசியாக்காரன் கையெழுத்துப் போடவில்லை.

12.6.2024
ஊன்றுகோலோடு ஜெயங்கொண்டத்துக்கு, அசோக்கின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "நாலு நாள் இருந்துட்டு வாடி" என்றேன். "வரமாட்டேம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஆறியிருக்கும்.

எல்லாம் நான் செஞ்சதுன்னா — அவளுக்கும்தானே ஜெயிக்கணும்னு இருந்துச்சு? "இன்னும் குறைக்கணுமாம்மா?"ன்னு அவதானே கேட்டா? அவதான் கேட்டா. பத்தொம்பது வயசு. கேக்கத்தான் செய்யும். போதும்டின்னு நான் சொல்லியிருக்கணும். ஒரு வார்த்தை. லோடு லோடா வேணாம்னு சொன்ன வாய்தானே இது.

7.12.2024
மூன்றாவது தடவையாக ஜெயங்கொண்டம். "தூங்குறா அண்ணி" என்றாள் நாத்தனார். பகல் பதினோரு மணி. உள்ளே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கொண்டுபோன மீன் குழம்பைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. யார் சாப்பிட்டார்களோ.

21.9.2025
ஏற்காட்டில் ரேஸ். மேகலா மறுபடி ஓட்டுகிறாள் என்று அசோக் வாய் தவறிச் சொல்லிவிட்டார். கேரளாவில் ஏதோ சின்ன டீமாம். இத்தனை நாளும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன்.

ஓட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வளைவில் நாலைந்து பேர் நின்றார்கள். நானும் ஒரு பாட்டிலை நீட்டிக்கொண்டு நின்றேன். முதல் கூட்டம் போய் வெகுநேரம் கழித்து வந்தாள், தனியாக. கன்னம் நிரம்பியிருந்தது. ஐம்பத்தைந்து இருப்பாள் — கண்ணில் பட்டதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். தூ.

என்னைப் பார்த்தாள். தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மூணு மிதி தூரம் பார்த்துக்கொண்டே வந்தாள். கையை நீட்டினாள். எனக்கு அடுத்து நின்ற பெண்ணிடம் பாட்டிலை வாங்கிக்கொண்டு வளைவில் ஏறிப் போனாள்.

"தெரிஞ்சவங்களாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"எங்க ஊர்ப் பொண்ணு" என்றேன்.