நீ படிக்காமல் மடித்த வரி

மாப்ள,

வேனை எஃப்.சி. சோதனைக்கு விடுவதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கிற பலகையை இறக்கியதும், நாலாய் மடித்த காகிதம் ஒன்று மடியில் விழுந்தது. உன் மூக்குப்பொடி வாசம் அதில் இன்னும் இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. செத்து எட்டு மாதமாகியும் என் வண்டியில் குப்பை போடுகிறாயே என்று திட்டிக்கொண்டே பிரித்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு. முழுக்க இங்கிலீஷ்.

எனக்கு இங்கிலீஷ் என்றால் எஸ், நோ, கம், அதோடு சரி. கொடைரோடு ஸ்டேஷனில் வெள்ளைக்காரர்கள் இறங்கினால் பேச உன்னைத்தான் கூப்பிடுவேன். நீயும் வார்த்தைக்கு வார்த்தை 'பட்' போடுவாய். ரோடு நல்லா இருக்கு, பட் பனி. வண்டி புதுசு, பட் ஏசி இல்லை. 'பட் துரை' என்று உனக்குப் பேர் வைத்ததே நான்தானே. அப்படி என்ன இருக்கிறது அந்தச் சொல்லில் என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னாடி சொல்றது அவன் மனசு நோகாம இருக்க. பின்னாடி வருது பாரு, அதுதான் மாப்ள சங்கதி" என்றாய்.

நெஞ்சைப் பிடிக்கிறது என்று நீ சொன்ன அன்று, திண்டுக்கல்லுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு வருவதற்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றாய். சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்றேன். விரல் வைத்துப் படித்தாய். இப்போது வலி இல்லையாம், பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதாம். அவ்வளவுதான். மடித்து நீயே மேலே செருகினாய்.

மறுநாள் தாடிக்கொம்பில் என் மகளுக்கு நிச்சயம். சாம்பார் அண்டாவை உன்னைத்தான் தூக்க விட்டேன். உனக்கு மூச்சு வாங்கியது. கிழவனுக்குப் பந்தியில் இடமில்லை என்று கேலி பேசினேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும். அடுத்த நாள் விடியும்போது நீ இல்லை.

ஊருக்கு வந்திருந்த மகளிடம் சீட்டைக் கொடுத்தேன். நீ படித்ததையே அவளும் படித்தாள். நீ பொய் சொல்லவில்லை. பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது.

"அப்பா, இங்கன பட்னு போட்டிருக்கு."

இருதயத்தில் கோளாறாம். உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியும் நோயாளி சம்மதிக்கவில்லையாம், மூன்று நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டாராம். யாருடைய நிச்சயத்துக்காக அந்த வரியை மறைத்தாயோ, அவளே அதைப் படித்தாள்.

நிச்சயத்தன்று ராத்திரி தான் வைத்த கருவாட்டுக் குழம்பில் உப்புக் கூடித்தான் நீ போனாய் என்று உன் சம்சாரம், அந்தத் தங்கச்சி, நம்பிக்கொண்டிருக்கிறது. எட்டு மாதமாக அந்த அடுப்பில் கருவாடே ஏறவில்லை. உண்மையைச் சொன்னால், என் வீட்டு விசேஷத்துக்காகத்தான் நீ மறைத்தாய் என்பதும் தெரிந்துபோகும். அப்புறம் அது என் முகத்தில் முழிக்குமா? இருந்தாலும் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், அண்டாவையும் சேர்த்து.

தங்கச்சி சீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தது.

"அப்ப என் கொழம்பு இல்லையாண்ணே?"

"இல்லத்தா."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. திட்டட்டும் என்று நின்றேன். திட்டவில்லை.

இப்போதெல்லாம் வேன் ஸ்டாண்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், கேலி என் நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. என்ன செய்யுது என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்கிறார்கள். நான் நகர்வதில்லை. இன்னும் என்ன, இன்னும் என்ன என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் நிற்கிறேன். அவர்களுக்கு எரிச்சலாக வருகிறது. வரட்டும் மாப்ள.