கேட்காமல் எழுதிய ‘இல்லை’

என் அப்பாவுக்கு,

மணி பன்னிரண்டு. மூன்று மணிக்கு ஆன்லைனில் மீட்டிங். வேறு யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

என் வேலை என்னவென்று கடைசிவரை உங்களுக்குச் சரியாகச் சொன்னதில்லை. விழிதியூரில் யார் கேட்டாலும் “மாத்திரை கம்பெனியில கம்ப்யூட்டரு” என்பீர்கள். கிட்டத்தட்ட அதுதான். மருந்தாகக்கூடிய ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். அவற்றை உயிரணுக்களில் சோதித்த முடிவுகள். எல்லாவற்றையும் திரையில் புள்ளிகளாகக் காட்டும் மென்பொருளை எழுதுகிறேன். கல்லீரலைக் கெடுக்கும் பொருள் என்றால் சிவப்பு. கெடுக்காது என்றால் பச்சை. ஆய்வாளர்கள் பச்சையைப் பார்த்துப் பொறுக்குவார்கள்.

நேற்று ஒரு பச்சைப் புள்ளியைத் திறந்து பார்த்தேன். அதற்குக் கல்லீரல் சோதனையே நடக்கவில்லை. நான் எழுதிய ஒரு வரி, காலியாக இருந்த இடத்திலெல்லாம் பூஜ்யத்தை நிரப்பியிருக்கிறது. பூஜ்யம் என்றால் கெடுதல் இல்லை. சோதிக்காத பொருளெல்லாம் நல்ல பொருளாகிவிட்டது.

அந்தப் பொருள் தேர்வுப் பட்டியலில் இருக்கிறது. போன வாரம் மேலாளர் போனில் கேட்டார்: “என்னம்மா, லிஸ்ட்ல எல்லாம் பச்சைதானே?”

“ஆமாங்க சார்.”

இன்று மீட்டிங்கில் அந்தப் பட்டியலை உறுதி செய்கிறார்கள். பிறகு விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கும் பிறகு, யாரோ ஒருத்தியின் அப்பா.

வேலை போய்விடும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் கண்ணில் நின்றது ஆஸ்பத்திரிப் படிவம்.

காரைக்காலில் உங்களைச் சேர்த்த அன்று நான்தான் அதை நிரப்பினேன். கால் வீங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். “எம் பேர மட்டும் சரியா எழுது. மத்ததெல்லாம் ஒன் இஷ்டம்” என்று சிரித்தீர்கள். வேறு மாத்திரைகள் ஏதும் சாப்பிடுகிறாரா? அந்தக் கேள்விக்கு வந்தபோது நான் உங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை. ‘இல்லை’ என்று எழுதினேன்.

பத்து நாளில் போய்விட்டீர்கள். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள்.

காரியம் முடிந்த பிறகு, உங்கள் சட்டைப் பையிலிருந்து அம்மா ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். “முட்டி வலிக்குன்னு கடையில வாங்கித் தின்னுக்கிட்டே இருந்தாரு. நடவு சமயத்துல நாளுக்கு நாலு. டாக்டருகிட்ட சொல்லியிருப்பாருல்ல?”

சொல்லியிருப்பார் என்றேன்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா அப்பா? சிறுநீரகத்தைக் கெடுத்தது அந்த மாத்திரைதானா? முன்னமே தெரிந்திருந்தால்?

இப்போது அந்த வரியை மாற்றிவிட்டேன். சோதிக்காதவை இனி சாம்பல் நிறத்தில் தெரியும். எத்தனை பச்சை மிஞ்சும் என்று தெரியாது. பட்டியலைப் புதுப்பிக்கும் பொத்தான் மேல் விரல் இருக்கிறது. அழுத்த முடியவில்லை.

அம்மா அறைக்குள் எட்டிப் பார்க்கிறாள். “ஏன்டி, பேயப் பாத்த மாதிரி ஒக்காந்திருக்க? சோறு ஆறுது.”

அழுத்திவிட்டேன்.

பட்டியலில் பன்னிரண்டு. அதில் ஏழு சாம்பல்.

மூன்று மணிக்கு நானே முதலில் பேசுவேன். “சார், போன வாரம் நான் சொன்னது தப்புங்க.” இந்த வாக்கியம் வரை ஒத்திகை பார்த்துவிட்டேன். மீட்டிங்குக்கு முன்னால் சோறு. தட்டில் கை வைப்பதற்குள் அந்தப் படிவத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவள் என்ன சொல்வாளோ. அவள் பதிலை நானே நிரப்பிக்கொள்ள மாட்டேன் அப்பா. இது சத்தியம்.

உங்கள் பெயரை மட்டும் சரியாக எழுதிய மகள்,
தேன்மொழி