பன்னிரண்டு வயதுச் சட்டை

மட்டக்களப்பு,
18.07.2010

அன்புள்ள இளையதம்பி,

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் ஜெமீலாவும் பிள்ளைகளும் சுகம். கத்தார் வெயில் உன்னைக் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் பேச்சு உன் மகள் பக்கம் திரும்பினால் உடனே உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடுகிறது. கடிதத்தை அப்படி வெட்ட ஏலாது.

உன் பார்சல் சனிக்கிழமை கிடைத்தது. ஒரு சாமானும் குறையவில்லை. உன் மகள் விதுர்ஷா செட்டிபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, என் டவுன் கடையில் வைத்தே அதைப் பிரித்தாள். அதைச் சொல்ல முதல் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறு, காரணம் இருக்கிறது.

கொழும்பில் கடையை மூடிய ஒருவனிடம் சிடிகளை மொத்தமாக எடுத்தேன். எல்லாம் தமிழ்ப் படம் என்று சொல்லித்தான் தலையில் கட்டினான். பிரித்தால் பாதி வேறு. அதில் ஒரு பழைய ருஷ்யப் படம். கறுப்பு வெள்ளை, பாட்டு ஒன்றும் இல்லை, அடியில் சிங்கள எழுத்து ஓடுகிறது. ஓட்டிப் பார்க்காமல் என் கடையிலிருந்து ஒரு சிடியும் வெளியே போகாது, உனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் பார்க்க இருந்தவன் முழுதும் பார்த்தேன். பகல் சோறு ஆறிப்போனது.

வியாபாரமாகப் பார்த்தால் அதை ஒருவரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். ஆனால் அதை எடுத்தவன் மனிதன், இளையதம்பி! யுத்தப் படம்தான், வெடிச்சத்தம் குறைவு. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், தாய் இல்லை. சதுப்பையும் தண்ணீரையும் கடந்து போய் எதிரியை வேவு பார்த்து வருகிறான். நம்முடைய வாவிக் கரைக் கண்ணா மரப் பற்றைக்குள் எடுத்த மாதிரியே இருக்கிறது அந்தத் தண்ணீர். கண்ணை மூடினால் அவனுக்குத் தாய் வருகிறாள், வெயில் வருகிறது, சிரிக்கிறான். திறந்தால் கிழவன் முகம். ஒரு சின்ன முகத்தில் அந்தப் பார்வையை எப்படித்தான் வரவழைத்தார்களோ. அவன் அளவுக்கு யூனிபோர்ம் தைத்துக் கொடுக்கிறார்கள், அவனும் பெருமையாகப் போட்டுக்கொள்கிறான். அந்த இடத்தில் படத்தில் யாரும் அழவில்லை. நான்தான் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இந்தக் கடையில் இருந்து எத்தனை ஆயிரம் படம் பார்த்திருப்பேன், இப்படி ஒன்று பார்க்கவில்லை.

சனிக்கிழமை விதுர்ஷா வந்தபோது இரண்டாம் தரம் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது என் பிழை. புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு முன்னால் அப்படி ஒரு படம்! நிறுத்தப் போனேன். இருக்கட்டும் காக்கா என்றாள். உனக்கு அண்ணன் முறையான நான் அவளுக்கும் காக்காதான். முகாமில் சிங்களம் கொஞ்சம் பேசப் பழகிவிட்டாள், வாசிக்கத்தான் தெரியாது. என்னை வாசித்துச் சொல்லச் சொன்னாள். முந்திப் பிடவைத் துணி மூட்டையோடு சிங்கள ஊர்களில் அலைந்து நான் படித்த சிங்களம் ஒரு நல்ல வேலைக்கு உதவியது அன்றைக்குத்தான். பாதியில், இனி வாசிக்க வேணாம் காக்கா, விளங்குது என்றாள்.

படத்தில் அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆபீசர்மார் படாத பாடு படுகிறார்கள். அவன் போக மாட்டேன் என்று நிற்கிறான். சரியான பிடிவாதக்காரப் பொடியன் என்று நான் பெரிய இவன் மாதிரிச் சொன்னேன். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், பிடிவாதம் இல்ல காக்கா, திரும்பிப் போறதுக்கு வீட்டில ஒரு ஆள் இல்ல என்றாள்.

பிறகு, நீ அறியாத ஒன்றைச் சொன்னாள். நீ கத்தார் போன அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தால் வரும்போது அவளை இயக்கத்துக்குப் பிடித்துப் போனார்கள், அது உண்மை. இயக்கம் உடைந்தபோது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் தாய் அஜந்தாவோடு இருந்தாள், அதுவும் உனக்குத் தெரியும். அஜந்தாவைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு மறுபடி பிடித்ததாக உன் தங்கச்சி சீதேவிப்பிள்ளை எழுதினாளே, அதுதான் பொய். உன் மனம் நோகக் கூடாதென்று எழுதியிருக்கிறாள். அகதி முகாம் வாசலைப் பார்த்தபடி அந்தப் பிள்ளை முப்பத்தெட்டு நாள் இருந்திருக்கிறாள், நீ வருவாய் என்று. உன் அரபி முதலாளி லீவு தரவில்லை என்று எனக்குத் தெரியும். தாயை இழந்த பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அடுத்த நாள் இயக்கத்து ஆட்கள் வந்து கூப்பிட்டார்கள். தானாகவே எழும்பிப் போய்விட்டாள்.

கோபமாகச் சொல்லவில்லை. மீன் விலை சொல்வது போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் பார்சலைப் பிரித்தாள். பூப்போட்ட சட்டை, தலைக் கிளிப், கார்ட்டூன் பாக், சப்பாத்து. எல்லாம் நீ விட்டுப் போனபோது இருந்த பன்னிரண்டு வயது அளவு. இருபது வயதுப் பிள்ளை அந்தச் சட்டையைத் தோளில் வைத்துப் பார்த்தாள். இடுப்போடு நின்றது. இடது தோள் காயத்தால் கொஞ்சம் பதிந்திருக்கிறது, நீ வரும்போது காண்பாய். சிரிப்பாளோ அழுவாளோ என்று பார்த்தேன், இரண்டும் இல்லை. நாலாக மடித்துவிட்டு, அப்பா கடைக்காரனிட்ட வயசைச் சொல்லித்தான் வாங்கியிருப்பார், என்ன காக்கா என்று கேட்டாள்.

படத்தில் சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்களின் உடுப்பு. நீ பெரிய பிள்ளைக்குச் சின்ன உடுப்பு அனுப்பியிருக்கிறாய். பிடவை விற்றவன் சொல்கிறேன், இரண்டும் அளவு பிழை.

அங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப் போவதாகவும், அதற்குள் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார் என்றும் எழுதியிருக்கிறாய். நான் பார்க்க மாட்டேன். அவள் ஓ.எல். சோதனை எழுதப் போகிறாள், பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து. அந்தத் தைரியம் உனக்கும் எனக்கும் வராது. என்ன முகத்தோடு வருவது என்று கேட்டிருந்தாய். இருக்கிற முகத்தோடு வா. தொண்ணூறில் தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டாகப் பிளந்தபோது என்னை உன் வீட்டில் ஒளித்து வைத்தவன் நீ. உனக்கு இவ்வளவு பயம் ஆகாது.

போகும்போது, இந்தச் சட்டையை மாற்றி எடுக்க ஏலுமா காக்கா என்று கேட்டாள். வாங்கின ஆள் நேரே வந்தால்தான் மாற்றலாம் மகள் என்றேன். அப்ப அவர் வரும் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று என் மேசையில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

சட்டை என் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. நோன்புப் பெருநாளைக்கு ஜெமீலா உனக்கும் சேர்த்துச் சமைக்கப் போகிறாள். ஆண்டவன் உன்னைக் கைபிடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வாசலில் உன்னைப் பார்த்திருக்கும்,
பக்கீர்