கருப்பு அகேட்டும் ஒரு துண்டுக் கிட்டமும்

இன்று காலை கல்லுக்கு மெருகேற்றும் உருளையின் மூடியைத் திறந்ததும் ஈரக்கல் வாசனை வந்தது. சாம்பல் நிறச் சேற்றுக்குள் கையை விட்டபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

இந்த உருளையை நாம் சேர்ந்துதான் செய்தோம். மோட்டார் காயில் கட்டும் என் கடையில் கிடந்த பழைய வாஷிங் மிஷின் மோட்டார், நீ எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்த ரப்பர் டப்பா. கல்லும் தண்ணீரும் அரைக்கும் பொடியும் போட்டு மூடினால் நாலு வாரம் சுற்றும். “ஆறு ஆயுசு முழுக்க உருட்டுறத நாம ஒரு மாசத்துல உருட்டுறோம்லே” என்பாய்.

முதுகுவலி என்று லாரி ஓட்டுவதை நீ விட்டிருந்த வருஷம். ஐப்பசி மழை வடிந்து, திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் மணல் புதிதாக விரிந்திருந்தது. நமக்கு வழக்கமாகக் கிடைப்பது சிவப்பும் தேன்நிறமுமாக, உள்ளே வளையம் வளையமாகக் கோடு ஓடும் அகேட் கல். அன்று உன் பையில் விழுந்ததெல்லாம் கருப்பு. கனமாக, வழவழவென்று, நீயே அதிகம் பார்த்திராத கற்கள்.

கடைக்கு வந்து கழுவும்போது ஒன்றில் ஊசிமுனை அளவில் துளைகள் தெரிந்தன. அது கல்லே இல்லை. அந்தக் காலத்தில் இரும்பு உருக்கிய உலைகளில் கழிந்த கிட்டம். உருளைக்குள் போனால் நொறுங்கி மற்றதையெல்லாம் கீறிவிடும். நீ ஒருநாளும் ஏமாறாத பொருள். சொல்லாமல் எடுத்து ஓரமாக வைத்தேன். நீ ஒவ்வொன்றாகத் தொட்டு உருளைக்குள் போட்டுக்கொண்டு வந்தாய்.

“ஏலே, பதினொன்னு பெறக்குனோம். பத்துத்தான் இருக்கு.”

“ஒன்னு கிட்டம்டா. எடுத்துட்டேன்.”

கையை நீட்டினாய். கொடுத்தேன். வெகுநேரம் கட்டைவிரலால் தடவினாய்.

“ஓட்டை இருக்கா?”

“இருக்கு. சின்னச் சின்னதா.”

“எனக்குக் கண்ணு தெரியலடா” என்றாய்.

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

“லாரிய விட்டதே அதுக்குத்தான். எதுக்க வாரவன் எவனையும் கொன்னுறக் கூடாதுல்ல. வீட்ல சொல்லிறாத.”

எனக்குக் கோபம் வந்தது. வாராவாரம் ஆற்றுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனிடமே மறைத்திருக்கிறாய். ஆனால் உன் கட்டைவிரல் இன்னும் அந்தக் கிட்டத்தில் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. நீதான் பேச்சைத் திருப்பினாய்.

“கதவச் சாத்து. லைட்ட கல்லுக்குப் பின்னால பிடிச்சு மத்ததையும் பாரு.”

போன் டார்ச்சைப் பிடித்தேன். கருப்பாகவே இருந்தது. “மெல்லிசான ஓரத்தப் பாருலே” என்றாய். திருப்பினேன். ஓரம் மெதுவாகச் சிவந்தது. பிறகு கருப்பட்டிப் பாகின் நிறம் உள்ளே இறங்கியது. அதற்குள் மெல்லிய கோடுகள், கண்மாயில் அலை அப்படியே உறைந்துவிட்டதுபோல. சொன்னேன்.

“எத்தன வளையம்?”

“ஒம்பது. பத்தாவது இருக்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு.”

“அப்ப அகேட்டுதான்” என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

கதவிடுக்கில் மதிய வெயில் கோடாக விழ, பத்துக் கல்லையும் உனக்குச் சொன்னேன். ஒன்றுக்குள் புகை. ஒன்றுக்குள் பாசி. ஒன்றில் எதுவுமே இல்லை, அதையும் சொன்னேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. வெளியே பஸ் போகும் சத்தம் எங்கோ தூரத்து ஊரில் கேட்பதுபோல இருந்தது.

மறுநாள் நீயே வீட்டில் சொல்லிவிட்டாய். போன பார்வையை மீட்க முடியாது, இருப்பதைக் காக்கலாம் என்றார்கள் மதுரைக் கண் ஆஸ்பத்திரியில். அதன் பிறகும் ஆற்றுக்குப் போனோம். நீ தொட்டாய், நான் பார்த்தேன். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ரோட்டோரத்தில் தெரிவதை உனக்குச் சொல்லிக்கொண்டே வருவேன். ஒரு கார்த்திகைக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய்.

சொல்லும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. போன வாரம் காரியாபட்டி பஸ்ஸில், “சோளம் கதிர் வாங்கிருச்சு. கண்மாய்த் தண்ணிக்குள்ள நாலு கொக்கு நிக்கிது” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதர் எட்டிப் பார்த்தார்.

“அஞ்சுல்ல நிக்கிது” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஐந்துதான். உனக்குத் திருத்திச் சொன்னேன்.