பின் சில்லுகளில் ஏறிய பாரம்

என்ர ஆசை அப்பா,

அம்மா இப்போது சிட்னிப் பாதையில் இருக்கிறா. நான் ட்ருகனினா வீட்டில் குசினிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார முடியவில்லை. நின்றபடியே எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற கையோடு நீங்கள் வாங்கிய அந்தக் கரவனோடுதான், அந்த இழுவை வீட்டோடுதான் போகிறா. முதலில் சிட்னி வெஸ்ட்மீட்டில் என் தங்கச்சி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தவேணும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு தரமும் இழுக்காமலே போய்விட்டீர்கள். அந்த மாரடைப்புக்கு என்ன அவசரம்?

சில மாதங்கள் கழித்து அம்மா சொன்னா, "நாங்கள் போவம். சுதன் ஓடட்டும்." தம்பிக்குச் சந்தோஷம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. கொழுவிப் பார்த்தபோது, அந்த வீடு தன் கழுத்தை உங்கள் யூட்டின், அந்தத் திறந்த முதுகு வண்டியின், பின்தட்டில் ஊன்றி நின்றது. யூட்டின் பின் சில்லுகள் நசுங்கி, அதன் முன்பக்கம் வானம் பார்த்தது.

"மூண்டு டன் இழுக்குமெண்டு வித்தவன் சொன்னவன், அக்கா. வீடு மூண்டு டன்னுக்குள்ளதான். பிறகென்ன?" என்றான் சுதன்.

"இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. கழுத்துப் பாரம் முழுக்க யூட்டின்ர முதுகிலதானே?"

பக்கத்து எடைமேடைக்கு ஊர்ந்து போனோம். யூட்டின் சில்லுகளை மட்டும் மேடையில் ஏற்றிப் பார்த்தோம். கதவோரத் தகட்டில் யூட் தாங்கும் என்று போட்டிருந்த அளவைவிட இருநூறு கிலோவுக்கு மேல் கூட. தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டோம். அம்மாவின் கிரைண்டரையும் அரிசி மூட்டையையும் என் காரில் ஏற்றினோம். அப்போதும் கூடத்தான்.

"மிச்சச் சாமானைப் பின்னுக்குத் தள்ளுவம்," என்றான் சுதன்.

"பின்னால பாரம் கூடினா வீடு ரோட்டில வாலாட்டும்."

"அப்ப இன்னும் என்னத்தை இறக்க?" என்று அம்மா கேட்டா.

"நீங்கள் ரெண்டு பேரும்தான் மிச்சம்."

சுதன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. "அவர் இருந்திருந்தா நாங்கள் ரெண்டு பேரும் இப்பிடியேதானே போயிருப்பம்?"

ஏனப்பா, நீங்கள் ஒரு தரமாவது எடை பார்க்கவில்லை? விற்றவனை அப்படியே நம்பினீர்களா? பார்த்தால் பயணம் தள்ளிப்போகும் என்று பயந்தீர்களா? இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அம்மா கத்துவது எனக்கு இப்போதும் கேட்கிறது, நடக்காத ஒன்று.

வீட்டை அங்கேயே ஒரு தெரிந்தவரின் வீட்டு வளவில் கழற்றி விட்டோம். ஒரு கிழமை அம்மா உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னா, "வீட்டை விக்கிறேல்ல. யூட்டை விப்பம்."

யூட்டைக் கொடுத்துச் சின்ன லொறி ஒன்று வாங்கினா. அதற்கு வேறு லைசன்ஸ் வேண்டும். சுதன் வேலையைச் சாட்டிப் பின்வாங்க, அம்மாவே பழகப் போனா. முதல்முறை தவறி, இரண்டாம்முறை பாஸ். இன்று காலை எல்லாச் சாமானும் ஏற்றி, திரும்பவும் எடைமேடைக்குப் போய், ஒவ்வொரு சில்லுச் சோடியும் அளவுக்குள் என்று கண்ட பிறகுதான் புறப்பட்டா. பக்கத்தில் சுதன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது.

"எங்க நிக்கிறியள் அம்மா?"

"அல்பரி தாண்டி நிப்பாட்டியிருக்கிறம். வழி முழுக்க அவரை வைஞ்சுகொண்டுதான் வந்தனான், பிள்ளை."

"இப்ப?"

"இப்ப முடிஞ்சுது. இனிக் கதைச்சுக்கொண்டு போவன்."

உங்களுக்கு அது கேட்குமா, அப்பா? எனக்குக் கால் இன்னும் ஓயவில்லை. திரும்பி வரும் வழியில் அம்மாவுக்குப் பக்கத்து இருக்கை என்னுடையது. தங்கச்சியிடம் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடுவேன். அவ உங்களோடு கதைக்கும்போது நான் குறுக்கிடமாட்டேன்.

உங்கள் சொல்லைவிடத் தராசை நம்பிய,
உங்கள் மூத்தவள்.