டீச்சர் எதிரில் ஒரு பக்கம்

குட்டிம்மா,
டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார், நின்றுகொண்டே எழுதுகிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதது போதும். சோறு மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

உன் இங்கிலீஷ் கதைக்கு முட்டை போட்ட டீச்சரைப் பார்க்கத்தான் போகிறேன். "நடையைப் பார்த்தாலே தெரியுதுங்க, இது தொடர்கதை எழுதற அம்மாவோட கைவரிசை" என்று போனில் சொன்னார். முதல் வரியிலேயே பிணம் விழுந்தால் அது நான் எழுதியதாம். நடையை மோப்பம் பிடிக்கும் மகா மேதை.

"எல்லாம் உன்னாலதாம்மா" என்று நீ கத்தியதும் நியாயம்தான். அதனால் அவர் எதிரிலேயே இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதிக்காட்டப் போகிறேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பி.கு.: பாலை ஃப்ரிட்ஜில் வை.

இன்னொன்று, உன்னிடம் இத்தனை வருஷம் மறைத்தது: எனக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் போட வரும். உன் ஹோம்வொர்க்கைப் பார்த்துத் தலையாட்டியதெல்லாம் நடிப்பு. அந்தக் கதையைச் சாயங்காலம் தமிழில் சொல்லு.