உப்பளத்து ராணியின் கடைசிப் பாட்டு

இன்று காலை கடையைத் திறந்து தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று பாடுவானே முருகேசன், அவன் ஒரு மூட்டையோடு வந்தான். ராணி வேஷத்து வெல்வெட் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டுமாம். மூட்டையை அவிழ்த்ததும் அந்த வாசனை வந்தது. முகப்பவுடர், தேங்காயெண்ணெய், பழைய வேர்வை. எனக்குக் கை ஓடவில்லை. ஊசியில் நூல் கோக்கவே வெகுநேரம் ஆனது. முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாயந்தரமா வரேன்க்கா"ன்னு நழுவிவிட்டான். அவனுக்கும் தெரியும்.

நம் இரண்டு பேருக்கும் பழக்கமானதே ஒரு ஜாக்கெட்டால்தான். பழவேற்காடு கடைத்தெருவில் என் தையல் கடை. நீ லைட்ஹவுஸ் குப்பத்தில் கருவாடு காயப்போட்டு விற்கிறவள். அளவு ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவள், "சீக்கிரம் தெச்சுக் குடு, நாடகத்துக்குப் போணும்"னு அவசரப்படுத்தினாய். என்ன நாடகம் என்று நான் கேட்டதுதான் தாமதம். உட்கார்ந்துவிட்டாய். கொக்காய் மாறிப்போன ஏழு அண்ணன்தம்பிகளின் கதை. ஏழு பேருக்கும் ஏழு மெட்டு. குழுவில் இருப்பதோ இரண்டு நடிகர்கள். தலைப்பாகையை மாற்றி மாற்றி அவர்களே ஏழு பேராகவும் பாடுவார்கள். கடையில் நின்றபடி நீயே ஏழு மெட்டையும் பாடிக் காட்டினாய். துணி வாங்க வந்த பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். உனக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை.

"ஊரே பாக்கற நாடகத்துக்கு ஊரே கீது, நூரு. யாருக்கும் தெரியாத நாடகத்துக்கு யாரு கீறா? நாமதான்."

அந்த 'நாம'வில் என்னை எப்போது சேர்த்தாய் என்று எனக்கே தெரியாது. அடுத்த வாரம் உன்னோடு பொன்னேரி பஸ்ஸில் இருந்தேன். அதன் பிறகு எத்தனை ஊர். எல்லை தாண்டித் தெலுங்கில் பாடுகிற நாடகங்கள், கடற்கரை மாதா கோயில்களில் பாட்டாகவே நடக்கிற கதைகள், யாரோ புதிதாக எழுதி இரண்டு தடவை மட்டும் போட்டு மூட்டை கட்டிய நாடகங்கள். நடிகர்களைவிடப் பார்க்கிறவர்கள் குறைவாக இருந்தால் உனக்கு ஒரே குஷி. முன்வரிசையில் உட்கார்ந்து தப்பான இடத்தில் கைதட்டுவாய். முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், நன்றாகப் பாடியவருக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுப்பாய். ராஜா வேஷத்தில் இருக்கிற ஆள் கிரீடத்தோடு கருவாட்டை முகர்ந்து பார்ப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் உன் புருஷன் இல்லை. என்னோடு நீ பழகுவதற்கு முன்பே முகத்துவாரத்தில் அவன் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் மட்டும் கிடைக்கவில்லை, உடம்பும் ஒதுங்கவில்லை. வருஷங்கள் ஆகியும் காரியம் செய்ய நீ ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்தனார் வந்து கேட்டால், "பாக்காம எப்டி எரிக்கறது"ன்னு சொல்லி அனுப்பிவிடுவாய். என்னிடம் அதைப் பற்றி நீ பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

பசியாவரத்தில் திருவிழா என்று ஏரியில் படகேறிப் போனோமே, அந்தச் சாயங்காலம். வெளியூர்க் குழு ஒன்று 'உப்பளத்து ராணி'யைப் போட்டது. அதுவரை நீயே கேள்விப்படாத நாடகம், அதனால் வழி முழுக்கக் குதித்துக்கொண்டு வந்தாய். ராஜா கடலில் போய்விடுகிறான். ராணி கரையில் நின்று அவன் பேரைச் சொல்லிப் பாடுகிறாள். கடைசிப் பாட்டில் திரைக்குப் பின்னாலிருந்து ராஜாவின் குரல், 'வருகிறேன் கண்மணியே' என்று பதில் சொல்கிறது. அத்தோடு திரை விழும். அவ்வளவுதான் கதை.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் நான் டீ வாங்கப் போனேன். டீக்கடை கூட்டத்துக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் ஒல்லியாக ஒருவன் தம்ளரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான். அவன்தான் முருகேசன், அன்றைக்கு எனக்கு அவன் யாரென்று தெரியாது. மேடையில் ராணியாக நின்ற புஷ்பம்மா பாட்டை எடுத்ததும் இவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ, நான்தான் பின்னால பாடணும்! பாட்ட முன்னாடியே எடுத்துட்டாங்களே!"

தம்ளரை வைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வைத்தான். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"தோ வந்துகினே கீறேன்மே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜா பேசுகிற பேச்சா இது? முருகேசன் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பின்னால யாரும் இல்லயேக்கா"ன்னான். முன்வரிசையில் நீ மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தாய். அது யார் குரலென்று உன் முதுகைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது படகில் நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாய். கரை தெரிந்ததும் கேட்டாய்.

"நூரு, உனுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குழு போன இடமெல்லாம் நீயும் போனாய். வேறு நாடகம் போட இருந்தவர்களைக் கெஞ்சி, கருவாட்டுக் கூடையைக் காட்டி, 'உப்பளத்து ராணி'யையே போட வைத்தாய். ஆட்களே வராத நாடகம் என்று புஷ்பம்மா அதைக் கைவிடத்தான் இருந்தாள். போன இடத்திலெல்லாம் முருகேசன் சரியாகத் திரைக்குப் பின்னால் நின்றான், சரியாக 'வருகிறேன் கண்மணியே' என்று பாடினான். ஒவ்வொரு முறையும் உன் முகம் விழுந்துபோகும். "இங்கல்லாம் தண்ணி இல்ல நூரு. எப்டி வருவான்?" என்பாய். பொழுது போனால் முகத்துவாரத்துப் பக்கம் போய் நின்று அந்தப் பாட்டைப் பாடுகிறாய் என்று குப்பத்துப் பெண்கள் என் கடையில் வந்து சொன்னார்கள்.

ஒரு நாள் நல்ல உச்சிவெயிலில் உன்னைப் பார்க்க வந்தேன். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. உன் வீட்டு வாசற்படி மட்டும் ஈரமாக இருந்தது. தெளித்த ஈரம் இல்லை. யாரோ நனைந்த உடம்போடு வெகுநேரம் நின்ற மாதிரி ஒரே இடத்தில் திட்டாக இருந்தது. கடல் வாடை அடித்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த வெயிலில் அது காயவே இல்லை. தாண்டி வர எனக்குக் கால் வரவில்லை. நீ உள்ளே இருந்து கையை நீட்டினாய். ரொம்ப இளைத்திருந்தாய்.

"வாசல் வரிக்கும் வரான், நூரு. உள்ள வர மாட்றான். வரவும் முடில, போவவும் முடில. நா கூப்டுகினே கீறேன்ல, அதான்."

"அப்ப நிறுத்துடி. பயமா கீது."

"நிறுத்தினா மட்டும் போதுமா? வந்து நிக்கறவன அனுப்பி வெக்கணும்ல?"

பிறகு, எந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்தாலும் பஸ்ஸில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பாயே, அதே குரலில் பேசினாய். "அந்த நாடகத்துல தப்பு கீது. அவ கூப்டறா, அவன் வரேன்றான், திரை வுழுந்துடுது. அப்பறம்? செத்தவன் வந்து இன்னா பண்ணுவான்? அத யோசிக்காமயே எழுதிட்டான். அதான் நாடகம் ஓடல."

அந்த நிலையிலும் நீ ரசிகைதான் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

குழுவைக் குப்பத்துக்கே வரவழைத்தாய். வலை பின்னுகிற கொட்டகைக்கு எதிரில், கடலைப் பார்த்து மேடை போட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று புஷ்பம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். மத்தியான வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தார்கள். கடைசிப் பாட்டு வந்தபோது புஷ்பம்மா உள்ளே போனாள், அவள் கிரீடத்தை வைத்துக்கொண்டு நீ வந்தாய். முருகேசனைப் பின்னால் நிற்க வேண்டாமென்று நீ சொல்லியிருந்தாய். அவன் என் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தான். திரைக்குப் பின்னால் யாரும் இல்லை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன்.

உனக்குப் பெரிய சாரீரம் கிடையாது. ஆனால் ஒரு சுருதி பிசகவில்லை. ராணி கூப்பிடுகிற அடிகளைப் பாடினாய். ராஜாவின் பேர் வருகிற இடத்தில் உன் புருஷன் பேரைச் சொன்னாய். குப்பத்துப் பெண்கள் முந்தானையைக் கடித்துக்கொண்டார்கள். கொழுந்தனார் எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துளி காற்று இல்லை. அலைச்சத்தம்கூட எங்கோ ஒதுங்கிப் போனதுபோல் இருந்தது. திரை உள்ளிருந்து ஒரு தோள் பட்டதுபோல் புடைத்தது. புடைத்தபடியே நின்றது. முருகேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நாடகத்தில் இல்லாத இரண்டு அடிகளைப் பாடினாய். நீயே கட்டியது.

"கூப்பிட்ட வாயை மூடிக்கிட்டேன்,
கும்பிட்டு உன்னை அனுப்பிவிட்டேன்."

திரை மெல்லத் தணிந்தது. மேடைக்கு முன்னால் சுருண்டு கிடந்த நாய்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. குரைக்கவில்லை. விடியலில் தொழிலுக்குப் போகிறவன் பின்னால் படகு வரைக்கும் போகுமே, அதேபோல் வாலாட்டிக்கொண்டு வெறும் மணலில் யாரையோ அண்ணாந்து பார்த்தபடி கடல் வரைக்கும் நடந்தன. தண்ணீர் விளிம்பில் நின்றன. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை.

மறுநாள் வாசற்படி காய்ந்து கிடந்தது. அந்த வாரமே காரியம் செய்தாய். பொட்டை எடுத்துவிடுவாயோ என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அது இன்னா அவன் குடுத்ததா? பாவாட கட்ன நாள்ல இருந்து வெச்சுகினு கீறேன்"னு சொல்லிக் கண்ணாடியைப் பார்த்துப் பெரிதாக ஒன்று வைத்துக்கொண்டாய்.

நீ பாடிய முடிவோடுதான் அந்தக் குழு இப்போதும் அந்த நாடகத்தைப் போடுகிறது. கூட்டம் வர ஆரம்பித்தது. வரிசை வரிசையாக நாற்காலி போட்டார்கள். பெருமையாக இருக்குமே, போகலாம் என்று கூப்பிட்டேன். நீ வரவில்லை. "அதுக்குத்தான் கூட்டம் வந்துடுச்சே. இனிமே நாம எதுக்கு?" என்று எங்கோ ஒரு மூலையில் யாரும் போகாத நாடகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். நடக்க முடிந்தவரைக்கும் அப்படித்தான் போய்வந்தோம்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டி உன்னைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு விடவே சிரமப்பட்டாய். நான் உன் கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். கிட்டே வா என்று கண்ணால் கூப்பிட்டாய்.

"நா போனப்பறம் எம்பேரச் சொல்லிக் கூப்டாத, நூரு. கூப்டா வர வேண்டியிருக்கும். அவன் எவ்ளோ கஷ்டப்பட்டான்னு பாத்தேன்ல."

சரி என்றேன். அதனால்தான் நீ போன அன்று எல்லோரும் உன் பேரைச் சொல்லி அழுதபோது நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். இந்த மடலிலும் உன் பேரை எங்கேயும் எழுதவில்லை.

நாடகத்துக்கு இப்போது தனியாகத்தான் போகிறேன். போன வாரம் ஒரு புதுக்குழு. என்னோடு சேர்த்து நாலைந்து பேர் இருந்திருப்போம். வண்ணாத்தி வேஷம் கட்டிய ஒரு பெண் என்ன பாட்டுப் பாடினாள் தெரியுமா! உனக்கு உயிரே போயிருக்கும். அந்தச் சந்தோஷத்தில் பழக்கதோஷமாகப் பக்கத்தில் திரும்பினேன். உன் பேரின் முதல் எழுத்து வாயை விட்டு வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த காலி நாற்காலியின் கால்கள் மணலுக்குள் மெல்ல இறங்கின.

மிச்சப் பேரை விழுங்கிவிட்டேன். மேடையைப் பார்த்தபடியே இருந்தேன். பாட்டு முடிந்ததும், தப்பான இடம்தான் என்று தெரிந்தே, பலமாகக் கைதட்டினேன்.